பிஜூ வெளியே போகப் பழகியது

சமையற்காரி ஜோசப்பின், பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து மரக்காணத்தில் இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டியும் இடுப்பில் மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்றும் இருந்தன. அழைத்துப்போக வந்திருந்த தம்பி சவரிநாதன் பெட்டியை வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டினான். கூடைக்கும் கையை நீட்டினான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஜோசப்பின்.

கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, சின்ன வயசிலேயே பாண்டிச்சேரிக்குச் சமையல் வேலைக்குப் போனவள் அவள். போன இடத்தில் ஒரே வீடு, ஒரே எஜமானி. மதாம் என்றுதான் ஊரில் எல்லோரும் அந்த வெள்ளைக்காரக் கிழவியைச் சொல்வார்கள். எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் மதாமின் மகன் வந்து அம்மாவைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டான். மாடி வீடு கைமாறியது. ஜோசப்பினுக்குப் போக்கிடம் என்று இருந்தது தம்பி வீடுதான். இதற்கு முன் கோயில் திருவிழாவுக்குக் காலை பஸ்ஸில் வருவாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவாள். தங்குவதற்கு என்று வருவது இதுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் தம்பி மனைவி அன்னமேரி நின்றிருந்தாள். "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. போன வருஷம் மகள் இன்னாசிமேரியின் கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. அதுவரை அன்னமேரி சாணி மெழுகிய மண் தரையில்தான் குடித்தனம் செய்திருந்தாள். மகள் திண்டிவனத்துக்குப் போய்விட்ட பிறகு அந்தத் தரையைத்தான் அவள் காலையும் மாலையும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜோசப்பின் கூடையைக் கீழே வைத்து மூடியைத் திறந்தாள். பஞ்சுப் பொதிபோல ஒன்று எழுந்து, கறுத்த மூக்கை நீட்டி வெளியே பார்த்தது.

"என்னாங்க அண்ணி இது, பூனையா?"

"நாய்தான் அன்னம். பொமரேனியன். பேரு பிஜூ. இதுக்கு மேல வளராது. மதாம் ஏரோப்ளேன்ல கூட்டிக்கிட்டுப் போவ முடியலன்னு அழுதுட்டே குடுத்துட்டுப் போச்சு."

சவரிநாதன் உப்பளத்தில் மேஸ்திரி. ஆபீசில் எல்லோரும் படித்து முடித்த பேப்பரை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பது அவன் வழக்கம். அன்றைக்கும் சட்டையைக் கழற்றிவிட்டு அப்படித்தான் உட்கார்ந்தான். கூடையிலிருந்து இறங்கிய பிஜூ தரையை மோந்தது, சுவரை மோந்தது, அப்புறம் பேப்பரைப் பார்த்தது. நேரே அதன் நடுவுக்குப் போய், இரண்டு சுற்றுச் சுற்றி, சவரிநாதன் படித்துக்கொண்டிருந்த செய்தியின் மேலேயே உட்கார்ந்து வேலையை முடித்தது.

"பியாங், பிஜூ, பியாங்" என்றாள் ஜோசப்பின். மதாம் பிரெஞ்சில் அப்படித்தான் பாராட்டுவாள். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அன்னமேரியின் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்குப் பாராட்டு வேறயா அண்ணி?"

"அது தப்பு பண்ணல அன்னம். மாடி வீடு இல்ல? கீழ எறக்கிக் கூட்டிக்கிட்டுப் போவ மதாமால முடியாது. அதனால பேப்பர்லதான் போவணும்னு குட்டியிலேயே சொல்லிக்குடுத்துட்டோம். தூங்கி எழுந்ததும், சாப்புட்டதும் தூக்கிக்கிட்டுப்போயி பேப்பர்ல விடணும். போனா தட்டிக்குடுக்கணும். அடிக்கவே கூடாது. கத்துக்குடுத்தவ நான்தான்."

"நல்லாத்தான் கத்துக்குடுத்திருக்கீங்க" என்றான் சவரிநாதன், நனைந்த பேப்பரை நுனி விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

அன்னமேரி பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "அண்ணி, இது உங்க தம்பி வீடு. நீங்க கடைசிவரைக்கும் இருங்க. ஆனா நாய் வெளிய போவக் கத்துக்கணும். ஊர்ல எல்லாரும் வெளியதான போறோம். அது மட்டும் என்னா, வீட்டுக்குள்ள?"

ஜோசப்பின் தலையாட்டினாள். மறுநாளிலிருந்து விடியற்காலையில் பூசைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். மாதா கோயில் பக்கத்துத் தெருவுக்கு அடுத்ததுதான். "நாங்க பொம்பளைங்க எல்லாம் இருட்டோட சவுக்குத் தோப்புக்குப் போவோம், எங்ககூட வந்துடுங்க" என்று அன்னமேரி கூப்பிட்டதற்கு, "பூசைக்குப் போறப்ப நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் எவ்வளவு காகிதம் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மளிகைக் கடையிலிருந்து வந்த மஞ்சள் பொட்டலத்தை அன்னமேரி கொஞ்சம் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பிஜூ அதை நனைத்துவிட்டது. காற்றில் விழுந்த மாதா காலண்டரின் மேல் ஒரு தடவை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள், வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது அதன் மேல் ஒரு தடவை. சவரிநாதன் பேப்பரைச் சுவரோடு பிடித்து நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தான்.

"மூஞ்சிய அதுலயே தேச்சி ரெண்டு போட்டா தானா தெரிஞ்சிக்கும்" என்றாள் பாஞ்சாலை.

"வேணாம்மா. அதுக்குக் கோவம்தான் புரியும், காரணம் புரியாது" என்றாள் ஜோசப்பின்.

அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கூடத்தின் மூலையில் ஒரு பேப்பரை விரித்து, அங்கே பழக்கினாள். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாசல் பக்கம் நகர்த்தினாள். ஒருநாள் அடுப்படி ஓரம், மறுநாள் வாசற்படி உள்பக்கம். பிஜூவும் பேப்பர் போன இடமெல்லாம் ஒழுங்காகப் போனது. அன்னமேரிகூட, "புத்திசாலிதான்" என்று ஒரு நாள் சொன்னாள்.

படியைத் தாண்டி வெளியே விரித்த அன்றைக்குத்தான் வந்தது வினை. அந்த வீட்டின் பின்பக்கம் வேலியும் இல்லை, மரமும் இல்லை. உமரிச் செடி முளைத்த உவர் நிலம், அதைத் தாண்டி உப்புப் பாத்திகள், அப்புறம் வானம். ஆடிக்காற்று தடுப்பே இல்லாமல் வந்தது. ஜோசப்பின் நாலு மூலையிலும் செங்கல் துண்டு வைத்துத்தான் பேப்பரை விரித்தாள். பிஜூ வந்து சுற்றியது, வாலைத் தூக்கியது, உட்காரப் போனது. அந்த நேரம் ஒரு காற்று அடித்து ஒரு மூலை பிய்த்துக்கொண்டு எழும்பி, படபடவென்று அதன் பின்பக்கத்தில் அறைந்தது. நாய் வீலென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பேப்பர் பாத்திகளின் மேல் பறந்து போனது.

அன்றிலிருந்து பிஜூவுக்குப் பேப்பரைக் கண்டாலே பயம். உள்ளே விரித்தாலும் கிட்டே வரவில்லை. வெளியே தூக்கிக்கொண்டுபோய் மண்ணில் விட்டால், ஜோசப்பினின் காலடியில் ஒட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. தெரு நாய்கள் இரண்டு தூரத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தன. அடக்கி அடக்கி வைத்திருந்து, முடியாமல் போனபோது ஜோசப்பினின் பாயில் போனது. போன பிறகு தானே வெட்கப்பட்டுக் கூடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சாப்பாட்டை மோந்துவிட்டு விலகியது.

ஜோசப்பினும் அப்போது சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் இரண்டாவது தரம் சோறு வேண்டாம் என்றாள். பிறகு ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்றாள். காலையில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டாள். தண்ணீர்கூடத் தொண்டையை நனைக்கிற அளவுக்குத்தான். ஒரு நாள் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். நாய் அவள் முதுகில் சாய்ந்து படுத்திருந்தது.

அன்னமேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா? நாயப் பத்திச் சொன்னத மனசுல வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்ல அன்னம்."

"பின்ன என்னா? டாக்டருகிட்ட போவலாமா?"

ஜோசப்பின் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம், "சிஸ்டருங்க எல்லாம் தியானத்துக்குப் போயிருக்காங்க" என்றாள்.

"போனா?"

"மடம் பூட்டியிருக்குது."

அன்னமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மடம் பூட்டினா என்னா அண்ணி? கோயிலு தொறந்துதான இருக்குது? சாமியாரு பூசை வெக்கிறாரு இல்ல?"

"கோயில்ல கக்கூஸ் இல்ல" என்றாள் ஜோசப்பின்.

அன்னமேரி அவளையே பார்த்தாள். தினமும் விடியற்காலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்புகிற நாத்தனாரின் பக்தியைப் பற்றி அவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பூசைக்கு முன்னால் கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்துக்குள் போய் வருவதைப் பார்த்தவர்கள் சிஸ்டர்களுக்கு உதவியாகப் போகிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இதே ஊர்ல பொறந்தவ. சின்னதுல நானும் அந்தத் தோப்புக்குத்தான் போனேன். அத்தினி வருஷம் மாடியில, கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுப் பழகிட்டேன். வந்த மறுநாளு இருட்டுல பாத்தி ஓரமா ஒருதரம் போயிப் பாத்தேன். எங்கியோ இருமுற சத்தம் கேட்டுச்சு, எழுந்து ஓடியாந்துட்டேன். வெள்ளக்காரி வூட்ல இருந்துட்டு வந்து பவுசு பண்றான்னு சொல்ல மாட்டாங்களா? நீ நாய வெளிய போவக் கத்துக்கணும்னு சொல்றப்பல்லாம் என்னியச் சொல்ற மாதிரியே இருக்கும்."

அன்னமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது. ஜோசப்பின் ஒரு நிமிஷம் முகம் சுருங்கிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் வந்துவிட்டது. "சிரிக்க வெக்காதடி, வயித்த வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து, சிரிப்பு கொஞ்ச தூரம் அழுகையாகவும் போய்த் திரும்பி வந்தது. இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிஜூ ஒரு தடவை குரைத்தது.

அன்னமேரி எழுந்துபோய் வெந்நீர் வைத்தாள். சுடச்சுடச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "மொதல்ல இதக் குடிங்க. ராத்திரிக்கு ரசஞ்சாதம் சாப்புடணும். காலையில நம்ம மட்டும் தனியாப் போவலாம். நான் இருக்கறேன், ஒருத்தரும் வர மாட்டாங்க."

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே, நல்ல இருட்டில், பாஞ்சாலை வழக்கம்போல வாசலில் வந்து கூப்பிட்டாள். "நீங்க போயிட்டு வந்துடுங்க, நாங்க பின்னால வர்றோம்" என்று அன்னமேரி அனுப்பிவைத்தாள். அந்தப் பெண்கள் திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்பினார்கள். வீட்டில் விட்டுப்போனால் கத்தும் என்று ஜோசப்பின் நாயையும் தூக்கிக்கொண்டாள்.

பாத்தி வரப்பில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓலை மூடிய உப்புக் குவியல்கள் இருட்டில் குடிசைகள்போலத் தெரிந்தன. தோப்புக்குள் நுழைந்ததும் காற்று நின்றுபோனது. மேலே மரங்களின் உச்சியில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது. தரையில் சவுக்கு இலை மெத்தைபோலக் காய்ந்து கிடந்தது. நடந்தால் சத்தமே இல்லை.

அன்னமேரி ஒரு புதரைக் காட்டினாள். பழைய சேலை ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிவிட்டு, நாயை வாங்கிக் கீழே விட்டுவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"அன்னம்."

"இங்கதான் இருக்கறேன் அண்ணி."

"பேசிக்கிட்டே இரு. சத்தம் இல்லன்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

அன்னமேரி பேசினாள். திண்டிவனத்துச் சம்பந்தியம்மா குழம்பில் புளியை அள்ளிக் கொட்டுவதைப் பற்றி. அதைச் சாப்பிட்டு மாப்பிள்ளைக்குப் பல் கூசுவதைப் பற்றி. மகள் அதைச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருப்பதைப் பற்றி. எதிரே யாரோ உட்கார்ந்து கேட்பதுபோலக் கையை ஆட்டி ஆட்டி, மரங்களிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.

அவள் காலடியில் நின்றிருந்த பிஜூ இலை மெத்தையில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. மோந்தது. முந்தின நாள் ஆடுகள் நின்றுபோன இடம்போலிருக்கிறது, ஒரு மரத்தடியை விடாமல் மோந்தது. அதைச் சுற்றி வந்தது. நிமிர்ந்து அன்னமேரியைப் பார்த்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்தது.

அன்னமேரி சம்பந்தியம்மாவைப் பாதியில் விட்டுவிட்டாள். நாய் முடித்து எழுந்து பின்காலால் இலையைத் தள்ளும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து அதன் தலையைத் தடவி, "பியாங்" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை.

"யார்கிட்ட பேசுற?" என்று சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்க பொண்ணு போயிடிச்சி அண்ணி."

கொஞ்சம் பொறுத்து, "நானும்தான்" என்றாள் ஜோசப்பின்.

திரும்பி வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. பிஜூ வரப்பில் முன்னால் ஓடியது, நின்றது, திரும்பிப் பார்த்தது, மறுபடியும் ஓடியது. அன்று காலை ஜோசப்பின் ஆறு இட்லி சாப்பிட்டாள். நாய் தன் பாலைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தரை முழுக்க உருட்டியது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. நடுவில் ஒருநாள் மத்தியானம் பிஜூ கூடத்திலேயே போய்விட்டது. இன்னொரு நாள் சவரிநாதனின் செருப்பில். ஆனால் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் அன்னமேரியே அதைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் போகத் தொடங்கினாள். காற்றைக் கண்டு பயம் தெளியட்டும் என்று தோப்பிலிருந்து கொஞ்சம் சவுக்கு இலையை அள்ளிவந்து வீட்டுக்குப் பின்னால், சுவர் மறைவில் கொட்டிவைத்தாள். பகல் நேரத்துக்கு அந்த இடம் போதும் என்று நாயும் ஒப்புக்கொண்டது. ஆவணி முடிவதற்குள் பின்கதவைக் காலால் பிறாண்டிக் கூப்பிடவும் பழகிவிட்டது. சவரிநாதன் மறுபடியும் உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்னமேரி அவனிடம் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, மழைக்கு முன்னால பின்பக்கம் ஒரு கக்கூஸ் கட்டுங்க."

"இத்தினி வருஷமா இல்லாம இப்ப என்னாத்துக்கு?"

"இத்தினி வருஷமா நான் கேக்கல. இப்பக் கேக்கறேன்."

சவரிநாதன் மனைவியைப் பார்த்தான், தட்டைவிட்டுத் தலை நிமிராத அக்காவைப் பார்த்தான். அவனுக்கு என்ன புரிந்ததோ, "சரி, கட்டிடலாம்" என்றான். புரட்டாசியில் உப்பு வாருவது நின்றதும், கூட வேலை செய்கிற சக்கரபாணியை அழைத்துவந்து குழி வெட்டினான். சிமெண்டு உறை இறக்கி, மேலே கல் பாவி, சுற்றிலும் பனைமட்டை கட்டி, கூரைக்கு ஓலை போட்டார்கள். கதவுக்குப் பழைய படகுப் பலகை கிடைத்தது.

"வேற ஏதாவது வேணுமாக்கா?" என்று கேட்டான்.

"உள்ள ஒரு தாப்பா" என்றாள் ஜோசப்பின்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளெல்லாம் நிரம்பி ஒரே ஏரியாகிவிட்டன. மடத்து சிஸ்டர்கள் சமையலுக்கு ஆள் தேடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். காலையில் போய்ச் சமைத்து வைத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஜோசப்பின் ஒப்புக்கொண்டாள். அங்கேயே தங்கிக்கொள்ளலாமே என்று சிஸ்டர் கேட்டதற்கு, "வூட்ல நாய் தேடும்" என்று சொன்னாளாம். பாஞ்சாலையும் அவசரத்துக்கு வந்து தாப்பாள் போட்டுக்கொண்டாள். தன் வீட்டுக்கும் ஒன்று கட்டித்தரும்படி சக்கரபாணியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அன்னமேரி கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, பிஜூவோடு தோப்பிலிருந்து திரும்பி வந்தாள். நாயின் காலெல்லாம் சேறு. அவள் காலிலும்தான். ஜோசப்பின் படியில் நின்று இருவருக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

"நாய்க்கு சுவரோரமே எடம் இருக்குது. உனக்கு உள்ளயே இருக்குது. இந்தச் சேத்துல எதுக்கு அத்தினி தூரம் போற அன்னம்?"

அன்னமேரி குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. அந்த நாலு மட்டைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தா எனக்கு வர மாட்டேங்குது."

ஜோசப்பின் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. பழகணும் அன்னம். அவசரப்படக் கூடாது" என்றாள் ஜோசப்பின். நாயைத் துண்டால் துடைத்துத் தூக்கிக்கொண்டு, காப்பி கலக்க உள்ளே போனாள். கிழக்கே மறுபடியும் மேகம் கூடிக்கொண்டிருந்தது. அன்னமேரி கொடியில் கிடந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.